ஏற்காட்டுப் பக்கமும் விக்கியிடை முன்னொட்டுகளும்

சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலைமீது, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டைப் பற்றிய செய்திகள் இணையத்தில் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. ஊரின் வரலாறும் புவியியலும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையாக உள்ளன. ஏரியின் படங்களும் மலைக்காட்சிகளும் விக்கிமீடியா பொதுவகத்தில் சேமிக்கப்பட்டுள்ளன. 1911ஆம் ஆண்டுப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் சேர்வராயன் மலையைப் பற்றி வெளிவந்த குறிப்பு ஆங்கில விக்கிமூலத்தில் இருக்கிறது. இந்திரனீல் தாஸ், ஆரன் பாவர் என்னும் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் விவரித்து, ஊரின் பெயரையே இட்டுப் பதிவுசெய்த நேமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற சிறுபல்லியின் வகைப்பாட்டுக்கு உரிய இடம் விக்கியினங்கள் என்ற தளமாகும். தனித்தனித் தளங்களில் கிடக்கும் இவற்றை ஒரு கட்டுரையின் வாக்கியத்துக்குள்ளேயே இயல்பாகக் கோத்துத் தருவதற்கு விக்கி மென்பொருள்கள் கையாளும் எளிய ஏற்பாடே விக்கியிடை முன்னொட்டு எனப்படுவது.

விக்கி என்பது, வாசகர்களே எழுதவும் திருத்தவும் இடமளிக்கும் இணையத்தளம். அதன் பக்கங்களை எழுதுவோர் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால், அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பக்கத்துக்கு இணைப்பு உருவாகிவிடும். [[ஏற்காடு]] என்று எழுதினால் அதே விக்கியிலுள்ள ஏற்காடு என்ற பக்கம் திறக்கும். அத்தலைப்புக்கு முன்னால் ஒரு சிறு குறியையும் முக்காற்புள்ளியையும் சேர்த்துவிட்டால், இணைப்பு அந்த விக்கியைக் கடந்து வேறொரு தளத்தில் அதே பெயருள்ள பக்கத்துக்குச் செல்கிறது. இந்தச் சிறு குறியே முன்னொட்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் [[எஸ்:ஏற்காடு]] என்பது தமிழ் விக்கிமூலத்தையும், [[விக்ட்:ஏற்காடு]] என்பது தமிழ் விக்சனரியையும் குறிக்கும். இந்தக் குறிகள் இங்கே ஒலிபெயர்த்துத் தரப்பட்டிருந்தாலும் தட்டச்சில் ஆங்கில எழுத்துகளாகவே இடப்படுகின்றன.

அஞ்சல் உறையின்மீது 636601 என்று எழுதப்பட்டால் கடிதம் ஏற்காட்டு அஞ்சலகம் வரை வந்துவிடும் என்பதும், அதன்பிறகு தெருவையும் வீட்டையும் கண்டுபிடிப்பது உள்ளூர் அஞ்சல்காரரின் பொறுப்பு என்பதும் எல்லோரும் அறிந்தவை. முன்னொட்டின் வேலையும் அத்தகையதே. விக்கியின் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முன்னொட்டும், அதற்குரிய தளத்தின் முகவரி வடிவமும் பதிவாகியிருக்கும். முகவரி வடிவத்தில் பக்கத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் $1 என்ற குறி நிற்கும். எழுதுபவர் முன்னொட்டையும் தலைப்பையும் இட்டுப் பக்கத்தைச் சேமித்ததும், மென்பொருள் அட்டவணையைப் பார்த்து, $1 நின்ற இடத்தில் தலைப்பைப் பொருத்தி, முழு முகவரியை உருவாக்கிவிடுகிறது. அந்த முகவரிக்குரிய பக்கத்தைத் தேடித் தருவது எதிர்த்தளத்தின் வேலை.

இந்த வசதி எல்லா மொழிகளுக்கும் பொதுவானதே என்றாலும், தமிழில் எழுதுவோருக்கு அது வெறும் வசதியாக மட்டும் நின்றுவிடவில்லை. இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் அப்படியே பயணம் செய்வதில்லை. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியில் வரும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிகிறது. ஏற்காடு என்ற நான்கெழுத்துச் சொல், புள்ளியையும் துணைக்காலையும் உகரக் குறியையும் தனித்தனியாகக் கணக்கிடுவதால், கணினிக்கு ஏழு குறியீடுகளாகும். ஏழு குறியீடுகள் 21 பைட்டுகளாகி, முகவரியில் 63 எழுத்திடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் தள முகவரிக்கு வேண்டிய 30 எழுத்திடங்களையும் சேர்த்தால், உலாவியிலிருந்து படியெடுத்து ஒட்டப்படும் ஒரேயோர் ஊர்ப்பெயரின் முகவரி 93 எழுத்திடங்களுக்கு நீண்டுவிடுகிறது.

அத்தகைய முகவரிகள் பத்துப் பன்னிரண்டு ஒரு கட்டுரையில் இடம்பெற்றுவிட்டால், அதைத் திருத்த முன்வரும் ஓர் ஆசிரியரோ மாணவரோ தொகுப்புப் பெட்டியைத் திறந்ததும் காண்பது, தமிழ் வாக்கியங்களுக்கு நடுவே வரிவரியாக ஓடும் விழுக்காட்டுக் குறிகளையும் எண்களையுமே. எந்த முகவரி எந்த ஊரைக் குறிக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஓர் எழுத்து தவறுதலாக அழிந்துபோனாலும் புலப்படாது. முன்னொட்டு வடிவத்தில் தலைப்பு தமிழாகவே நிற்பதால், படிக்கவும் பிழை காணவும் திருத்தவும் எளிதாகிறது. தமிழ் விக்கிகளை வளர்ப்போர் பெரும்பாலும் கணினித் துறை சாராத தன்னார்வலர்கள் என்பதால், தொகுப்புப் பெட்டியின் இந்தத் தெளிவு மிகுந்த மதிப்புடையது.

வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கித் தளத்தை இணையத்தில் வெளியிட்ட பிறகு, அதைப் பின்பற்றிப் பல விக்கிகள் தோன்றின. அவை ஒன்றையொன்று சுட்டிக்கொள்ள வேண்டியிருந்தபோது, தளங்களின் குறும்பெயர்களையும் முகவரிகளையும் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளும் வழக்கம் உருவாயிற்று. 2001இல் விக்கிப்பீடியா தொடங்கப்பட்டபோது அது பயன்படுத்திய யூஸ்மாட் விக்கி என்ற மென்பொருளிலும் இந்த வழக்கம் இருந்தது. அதன்பின் விக்கிப்பீடியாவுக்கென்றே எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருள் அதைத் தரவுத்தள அட்டவணையாக மாற்றிக்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றிய காலத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு முன்னொட்டு என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது.

மொழி முன்னொட்டுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆங்கிலத்தைக் குறிக்கும் ‘இஎன்’ என்ற ஈரெழுத்தை முன்னால் இட்டு ஓர் இணைப்பை எழுதினால், அது எழுதிய இடத்தில் தோன்றாமல், பக்கத்தின் ஓரத்திலுள்ள பிறமொழிகளின் பட்டியலுக்குப் போய்விடும். வாக்கியத்துக்குள்ளேயே அந்த இணைப்பு தெரியவேண்டுமானால், அடைப்புக்குறியைத் திறந்த உடனே ஒரு முக்காற்புள்ளியை இட்டு [[:இஎன்:...]] என்று தொடங்க வேண்டும். புதிதாக எழுத வருவோர் பலர் தாம் இட்ட இணைப்பு காணாமற்போய்விட்டதாக எண்ணித் திகைப்பதற்கு இந்த ஒரு புள்ளியே காரணம். கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்பையும் படக்கோப்பான படிமத்தையும் வாக்கியத்தில் சுட்டும்போதும் இதே விதி பொருந்தும்.

பத்தாண்டு காலம் இந்த மொழி இணைப்புகள் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் கையால் எழுதப்பட்டு வந்தன. ஒரு பொருளைப் பற்றி 30 மொழிகளில் கட்டுரை இருந்தால், ஒவ்வொன்றிலும் மற்ற 29 மொழிகளின் இணைப்புகள் இருக்க வேண்டும். மொத்தம் 870 இணைப்புகள். புதிதாக ஒரு மொழி சேர்ந்தாலோ ஒரு கட்டுரையின் தலைப்பு மாறினாலோ எல்லா மொழிகளிலும் திருத்தம் வேண்டும். இந்தப் பணியைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் செய்துவந்ததால், சிறிய மொழிகளின் அண்மைய மாற்றங்கள் பட்டியலை அவற்றின் திருத்தங்களே நிரப்பிக்கொண்டிருந்தன. 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவு, ஒரு பொருளுக்கு ஒரே பதிவு என்ற முறையில் மொழி இணைப்புகளை ஓரிடத்தில் திரட்டியது. சில மொழிகளில் சோதித்துப் பார்த்த பின், 2013 மார்ச்சில் தமிழ் உள்ளிட்ட எஞ்சிய விக்கிப்பீடியாக்கள் அனைத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. இதனால் ஓரப் பட்டியலுக்காக முன்னொட்டு எழுதும் தேவை பெரிதும் நீங்கிவிட்டது. வாக்கியத்துக்குள் பிற விக்கிகளைச் சுட்டுவதற்கான முன்னொட்டுகளின் தேவை மட்டும் சற்றும் குறையவில்லை.

அத்தேவை எத்தகையது என்பதைக் காட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிய ஒரு பத்தி போதும். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கத்துக்கு வழிசெய்த இந்த நிலவியலாளர் ஏற்காட்டில் வாழ்ந்தவர்; 1912இல் மறைந்த அவருடைய நினைவிடம் ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது. ஏற்காட்டுக் கட்டுரையில் அவரைக் குறிப்பிடும் வாக்கியத்திலிருந்து வாழ்க்கை வரலாற்றுக்கு விக்கிப்பீடியாவின் உள்ளிணைப்பு போதுமானது; படங்களுக்குப் பொதுவகத்தின் முன்னொட்டு வேண்டும்; ஆங்கிலத்தில் உள்ள பழைய ஆவணங்களுக்கு ஆங்கில விக்கிமூலம் வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து ‘எஸ்’ என்று மட்டும் இட்டால் தமிழ் விக்கிமூலமே திறக்கும் என்பதால், [[எஸ்:இஎன்:...]] என்று இரண்டு முன்னொட்டுகளை அடுக்கி எழுத வேண்டும். முதலாவது எந்த வகைத் தளம் என்பதையும் இரண்டாவது எந்த மொழி என்பதையும் சொல்கின்றன. தமிழ் விக்கிமூலமும் வளம் குன்றியதன்று; தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் ஈராயிரத்துக்கும் மேல் அங்கு ஏற்றப்பட்டுள்ளதால், தமிழ்க் கட்டுரை ஒவ்வொன்றும் அங்கே ஓர் இணைப்பைத் தேடிப் பார்ப்பது நன்று.

இவ்வளவும், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தின் தளங்களில் முன்பே அமைத்துத் தரப்பட்டவை. அங்கு எழுதுவோர் எந்த அட்டவணையையும் தொட வேண்டியதில்லை. அத்தளங்கள் அனைத்துக்கும் பொதுவான பட்டியல் மேல்விக்கி என்ற ஒருங்கிணைப்புத் தளத்தில் பேணப்படுகிறது. புதிய முன்னொட்டு வேண்டுவோர் அங்குள்ள பேச்சுப் பக்கத்தில் காரணம் காட்டி முன்மொழிய வேண்டும். சொந்தமாக விக்கி நடத்துவோரின் நிலை வேறு. இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டமும், 2022இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கி என்ற கலைக்களஞ்சியமும் விக்கிமீடியாவுக்கு வெளியே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குபவை. ஏற்காட்டிலுள்ள ஒரு பள்ளி, மலைக் கிராமங்கள், காப்பித் தோட்டங்கள், இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் காணும் செடிகள் ஆகியவற்றைப் பற்றி மாணவர்கள் எழுதும் சிறு விக்கி ஒன்றைத் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், அதன் நிர்வாகி முன்னொட்டுகளைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மீடியாவிக்கியை நிறுவும்போதே சில முன்னொட்டுகள் அதனுடன் வந்துவிடுகின்றன. ஆனால் அவை தமிழை மனத்தில் கொண்டவை அல்ல. அவற்றுள் விக்கிப்பீடியாவுக்குரிய முன்னொட்டு ஆங்கில விக்கிப்பீடியாவையே சுட்டுகிறது. அதற்குப் பின்னால் ஏற்காடு என்று தமிழில் எழுதினால், ஆங்கிலத் தளத்தில் தமிழ்த் தலைப்புள்ள பக்கம் ஒன்று தேடப்பட்டு, இல்லை என்ற விடையே கிடைக்கும். மொழி முன்னொட்டுகளும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தமிழ் விக்கி ஒன்றை நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலைகளுள், தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் விக்சனரி, தமிழ் விக்கிமூலம், நூலகம் ஆகியவற்றுக்குத் தனி முன்னொட்டுகளைச் சேர்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சேர்க்கும் முறை கடினமானதன்று. இன்டர்விக்கி என்ற நீட்சி, அதாவது மென்பொருளுக்குக் கூடுதல் திறன் தரும் துணை நிரல், மீடியாவிக்கியுடனேயே பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வருகிறது. லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் அதை இயக்கும் ஒரு வரியையும், அட்டவணையை மாற்றும் உரிமையை நிர்வாகிகளுக்கு அளிக்கும் இன்னொரு வரியையும் எழுதிவிட்டால், சிறப்புப் பக்கங்களுள் முன்னொட்டு அட்டவணை ஒன்று தோன்றும். எல்லோரும் அதைப் பார்க்கலாம். உரிமை பெற்றோர் மட்டுமே மாற்றலாம். ஒவ்வொரு மாற்றமும் பதிகையில் குறிக்கப்படும். புதிய முன்னொட்டைச் சேர்க்கும் படிவத்தில் முன்னொட்டு, $1 கொண்ட முகவரி வடிவம், இரண்டு தேர்வுப் பெட்டிகள், காரணம் ஆகியவை கேட்கப்படும்.

அந்த இரண்டு தேர்வுப் பெட்டிகளைப் புரிந்துகொள்ளாமல் குறியிட்டுவிடக் கூடாது. முதலாவது முன்னனுப்புதல் பற்றியது: யாரேனும் இந்த விக்கியின் முகவரியோடு அந்த முன்னொட்டையும் ஒரு தலைப்பையும் சேர்த்து உலாவியில் இட்டால், அவரை உடனே எதிர்த்தளத்துக்கு அனுப்பிவிடலாமா என்பதே கேள்வி. இதை அனுமதித்தால் முன்னொட்டுகளை அடுக்கி எழுதுவது இயலும். ஆங்கில விக்கிப்பீடியா தமிழ் முன்னொட்டுக்கு இதை அனுமதித்திருப்பதால்தான், வெளித்தளம் ஒன்றிலிருந்து அதன் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போக முடிகிறது. நம்பிக்கைக்குரியதல்லாத தளத்துக்கு இதை அனுமதித்தால், பள்ளியின் நல்ல பெயரைத் தாங்கிய முகவரி ஒன்று வாசகரை எங்கோ இட்டுச்செல்லும் பொறியாக மாறக்கூடும். இரண்டாவது பெட்டி, எதிர்த்தளத்தின் வார்ப்புருக்களை, அதாவது பல பக்கங்களில் மீண்டும் பயன்படும் உரைத்துண்டுகளை, இங்கே உள்ளிட்டுக் காட்டலாமா என்பதைக் கேட்கிறது; பெரும்பாலான விக்கிகளுக்கு அது தேவைப்படுவதில்லை என்பதால் வெறுமையாக விட்டுவிடுவதே முறை.

முன்னொட்டுக்கான பெயரைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் நுணுக்கமான சிக்கல்கள் உள்ளன. தமிழ் எழுத்துகளிலேயே முன்னொட்டு அமைக்க மென்பொருள் இடந்தருகிறது. எழுத்து மாற்றித் தட்டச்சு செய்யும் தொல்லை நீங்குவதால் மாணவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வழக்கமான அமைப்பில் முன்னொட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பைட்டுகள் மட்டுமே. ஆங்கிலத்துக்கு அது 32 எழுத்துகள். தமிழுக்கோ பத்துக் குறியீடுகளோடு நின்றுவிடும். விக்கிப்பீடியா என்ற சொல்லைத் தமிழில் முழுமையாக எழுதினால் 14 குறியீடுகள், 42 பைட்டுகள்; அது பொருந்தாது. தமிழ்விக்கி என்று சுருக்கினாலும் 33 பைட்டுகள் ஆகி, ஒரே ஒரு பைட்டால் எல்லையைத் தாண்டிவிடுகிறது. சேர்வராயன் என்பது சரியாக 30 பைட்டுகளில் அடங்கும், சேர்வராயன்மலை அடங்காது. ஆதலால் தமிழ் முன்னொட்டுகள் நூலகம், விக்கி போன்று குறுகியவையாக அமைவதே பாதுகாப்பு.

நீளம் பொருந்தினாலும் ஊர்ப்பெயர்களை முன்னொட்டாக்குவது நல்லதன்று. ஏற்காட்டில் ஆண்டுதோறும் மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறுகின்றன. அதைப் பற்றி ‘ஏற்காடு: கோடை விழா’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் பள்ளியின் விக்கியில் முன்பே இருந்து, பிற்பாடு நிர்வாகி ‘ஏற்காடு’ என்ற முன்னொட்டைச் சேர்த்துவிட்டால், அந்த நொடியிலிருந்து மென்பொருள் அத்தலைப்பின் முதற்பகுதியை முன்னொட்டாகவே கொண்டு, வாசகரை வெளித்தளத்திலுள்ள ‘கோடை விழா’ என்ற பக்கத்துக்கு அனுப்ப முயலும். மாணவர் எழுதிய கட்டுரை அழிந்திராது. தரவுத்தளத்தில் அப்படியே இருந்தும், அதை அடையும் வழி அடைபட்டுப்போகும். இதற்கு மாறான விளைவும் உண்டு: பகுப்பு, வார்ப்புரு, பயனர், உதவி போன்று பக்கங்களை வகைபிரிக்கும் பெயர்வெளிகளின் பெயர்களை முன்னொட்டாகப் பதிவுசெய்தால், மென்பொருள் பெயர்வெளியையே முதலில் பார்ப்பதால், அந்த முன்னொட்டு ஒருபோதும் வேலை செய்யாது.

விக்கியிடை இணைப்பின் பெருங்குறை ஒன்றையும் அறிந்திருப்பது நலம். ஒரு விக்கிக்குள் இல்லாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிவப்பு நிறத்தில் தோன்றி, அப்பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்பதை உணர்த்தும். பிற தளத்தில் பக்கம் இருக்கிறதா என்பதை மென்பொருள் சரிபார்ப்பதில்லை. ஆகவே ஏற்க்காடு என்று ஒற்று மிகுந்து எழுதப்பட்ட தவறான தலைப்பும், சரியான தலைப்பும் ஒரே நீலத்தில்தான் தெரியும். இணைப்பை எழுதியவரே ஒருமுறை சொடுக்கிப் பார்ப்பதைத் தவிர இதற்கு எளிய மாற்று இல்லை. மேலும், சாதாரண வெளியிணைப்புகளுக்குத் தேடுபொறிகள் மதிப்பளிக்க வேண்டாம் என்று மீடியாவிக்கி இயல்பாகவே இடும் குறி விக்கியிடை இணைப்புகளுக்கு இடப்படுவதில்லை. எரித இணைப்புகளைத் தடுக்கும் வடிகட்டிகளும் இவற்றை வெளியிணைப்புகளாகக் கருதுவதில்லை. ஒரு தளத்துக்கு முன்னொட்டு வழங்குவது அதன்மீது வைக்கும் நம்பிக்கையின் அடையாளமாகிவிடுவதால், வணிகத் தளங்களுக்கு அதை வழங்காமலிருப்பதே தகும்.

முன்னொட்டின் முழுப்பயனும் முகவரிகள் மாறும்போது தெரியவரும். விக்கிமீடியா நிறுவனம் 2015 ஜூனில் தன் தளங்கள் அனைத்தையும் மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் இணைப்புக்கு மாற்றியது. முழு முகவரிகளாக எழுதப்பட்ட பழைய இணைப்புகள் இன்றும் பழைய வடிவத்தைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வழிமாற்றத்தை நம்பியே இயங்குகின்றன. முன்னொட்டு வழியாக எழுதப்பட்டவற்றுக்கு அட்டவணையில் ஒரு வரிசையைத் திருத்தினால் போதும். நூறு பக்கங்களில் இருந்தாலும் எல்லா இணைப்புகளும் புதிய முகவரியைப் பெற்றுவிடும். சிறப்புப் பக்கத்தைத் தவிர்த்துத் தரவுத்தளத்தில் நேரடியாகத் திருத்துவோர், மென்பொருள் முன்னொட்டு விவரங்களை மூன்று மணி நேரம் வரை தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். திருத்தம் உடனே தெரியவில்லை என்பதற்காக மீண்டும் மீண்டும் மாற்றத் தேவையில்லை.

தரவுத்தளமே இல்லாமல் இயங்கும் டோக்குவிக்கி போன்ற மென்பொருள்களில் இதே ஏற்பாடு ஓர் எளிய உரைக்கோப்பில் அமைகிறது. முன்னொட்டுக்கும் தலைப்புக்கும் இடையில் முக்காற்புள்ளிக்குப் பதிலாக ‘>’ என்ற குறி வரும். சிறு பள்ளிகளுக்கும் ஊர் நூலகங்களுக்கும் அது போதுமானது.

மீடியாவிக்கியில் ஒரு விக்கியின் பக்கங்களை வேறொரு வழங்கிக்கு மாற்றும்போது வழக்கமாக எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்வார்கள். அந்தக் கோப்பில் பக்கங்களின் உரையும் திருத்த வரலாறும் பெயர்வெளிகளின் பெயர்களும் இருக்கும். முன்னொட்டு அட்டவணை இருக்காது. புதிய இடத்தில் அதே முன்னொட்டுகளை அமைக்காமல் பக்கங்களை இறக்குமதி செய்தால், [[நூலகம்:...]] என்று தொடங்கும் இணைப்புகள் எல்லாம் இல்லாத உள்பக்கங்களைச் சுட்டும் சிவப்பு இணைப்புகளாகிவிடும். எனவே முன்னொட்டுகளையும் அவற்றின் முகவரி வடிவங்களையும் விக்கியின் உதவிப் பக்கம் ஒன்றிலேயே பட்டியலாக எழுதி வைத்திருக்க வேண்டும். பக்கங்களோடு அந்தப் பட்டியலும் பயணம் செய்யும், புதிய நிர்வாகி அதைப் பார்த்து அட்டவணையை நிரப்பிய பிறகே இறக்குமதியைத் தொடங்கலாம்.